எட்டாம் நாளுக்கு முந்தைய நாள்

அத்தியாயம் 14

போன வாரம் கொனாடுவை முற்றத்துக் குழாயடியில், கையில் சோப்போடு, மாமியாருக்கு எதிரே நிறுத்திவிட்டு வந்தோம். பாவம், இன்னும் அங்கேதான் நிற்கிறாள்.

நடுவில் இரண்டு வாரம் படிக்காமல் விட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொனாடு, குமாசி அரசு ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளின் வார்டில் நர்ஸ். ஒன்பது வருஷ சர்வீஸ். போன செவ்வாய்க்கிழமை அவளுடைய நாத்தனார் அஃப்ரியேவுக்குப் பத்து வாரம் முன்னதாகவே ஒரு பெண் பிறந்து, அதே வார்டில் ஆயிரத்து நூறு கிராம் கனத்தில் கிடக்கிறது. அதே வாரத்தில் கொனாடுவின் டியூட்டியில் மூன்று குழந்தைகள் போய்விட்டன. அந்த மூன்றையும் இந்த ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் மாமியார் பிராகோ. மூட்டைக்கணக்கில் வெங்காயம் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். கெட்டதை மோந்தே கண்டுபிடிப்பதாக அவருக்கு ஒரு பெருமை உண்டு.

இன்றைக்குத் திங்கள். ஏழாம் நாள்.

எட்டாம் நாள் விடியும்வரை பிறந்தது பிள்ளை இல்லை, விருந்தாளி. இருக்கலாமா கிளம்பலாமா என்று அது யோசித்துக்கொண்டிருக்கும். அதுவரை பெயர் சொல்லக் கூடாது. செவ்வாயில் பிறந்த பெண் அபெனாதான் என்று காம்பவுண்டுச் சேவலுக்குக்கூடத் தெரியும். இருந்தாலும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. எட்டுக்கு முன்னால் போய்விட்டால் பெற்றவள் அழக் கூடாது. வெள்ளை உடுத்தி, வேர்க்கடலைச் சூப் வைத்துச் சாப்பிட்டு, வந்தது திரும்பிப் போயிற்று என்று கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்.

"தொட மாட்டேன்னு சொல்லு," என்றார் பிராகோ.

"அத்தை, நான் அங்க நர்ஸு. தொடாம என்ன பண்ண? ஜன்னல்ல நின்னு கை தட்டவா?"

"மத்த நாப்பதையும் தொடு, எவன் வேணாம்னான்? எம் பொண்ணு பெத்தத மட்டும் விட்டுரு. நாளைக்கு விடியட்டும். அப்புறம் தூக்கி இடுப்புலயே வச்சுக்க."

"என் கையில அப்படி என்ன இருக்கு?"

"அதத்தாண்டி நானும் கேக்குறேன். என்ன இருக்கு உன் கையில?"

முற்றத்தில் ஏழு குடித்தனம். காலைக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த மூன்று அகப்பைகளும் ஒரே நேரத்தில் நின்றன. கரி அடுப்பை விசிறிக்கொண்டிருந்த ஒருத்தி புகையைத் தன் முகத்துக்கே விசிறிக்கொண்டாள். கேட்காத மாதிரி இருப்பதில் நம் காம்பவுண்டுக்கு நிகர் குமாசியிலேயே கிடையாது.

கொனாடுவின் கணவன் அசாரே படிக்கட்டில் உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டிருந்தான். பழைய கியர்பாக்ஸ் வாங்கி விற்கிறவன். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் எந்த கியரும் போடாமல் நியூட்ரலிலேயே ஒன்பது வருஷம் ஓட்டியவன்.

"சொல்லித் தொலையேன் கொனாடு. ட்ரோட்ரோ வேன் போயிடும்," என்றான் கண்ணாடியைப் பார்த்தபடி. பிறகு, சூட்டைக் குறைக்கலாம் என்று நினைத்திருக்க வேண்டும்: "அவ கை ஒண்ணும் ராசியில்லாத கை இல்லம்மா. தூங்கும்போது என் உள்ளங்கால சுண்டிச் சுண்டி எழுப்புறா, நான் உயிரோடதான இருக்கேன்?"

அகப்பைகள் சிரித்தன. இது பழைய விஷயம்தான். மூச்சை மறந்துவிடும் குழந்தைகளை உள்ளங்காலில் சுண்டித்தான் எழுப்புவது வழக்கம். அந்தச் சுண்டும் பழக்கம் விரலோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. அசாரேவின் மூச்சு கொஞ்சம் மெதுவானால் போதும், தூக்கத்திலேயே அவள் கை அவன் காலைத் தேடும். ஏழு வயது மகள் காலுறை போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள், இந்த வெக்கையில்.

கொனாடு சிரிக்கவில்லை. சோப்பைக் குழாய்மேல் வைத்தாள்.

"சரி அத்தை. தொட மாட்டேன்."

இவ்வளவு சுலபமாக வரும் என்று பிராகோவே எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு என்று எடுத்து வைத்திருந்த நாலு வார்த்தையும் வாயிலேயே தங்கிவிட்டன. கொனாடு ஏன் அப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டாள் என்று அன்று மத்தியானம்வரை காம்பவுண்டில் பேச்சு. காரணம் அவளுக்கு மட்டும் தெரியும். மாமியார் இன்றைக்குக் கேட்டதை அவள் தன்னையே கேட்டுக்கொள்ள ஆரம்பித்துப் பல மாசம் ஆகிறது.

●

வார்டில் ஒவ்வொருத்திக்கும் ஒரு வழி.

ஒரு குழந்தை போனால் பெரிய சிஸ்டர் உரக்கப் பாட ஆரம்பித்துவிடுவார், தேவகீர்த்தனை, சுதி சேராமல். போன வருஷம் லண்டனுக்குப் பறந்துவிட்ட ஒருத்தி சாப்பிடுவாள். இரண்டு பொட்டலம் வாச்சே சாதம் வாங்கி, நின்றபடியே, மென்றுகூடப் பார்க்காமல். கொனாடுவோடு டியூட்டி பார்க்கும் மாவுசி, "சிலிண்டர் எண்ணிட்டு வரேன்" என்பாள். ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிஷம் அழுவதற்கு அந்த வார்டில் அதுதான் பெயர். அம்மாக்களுக்கு எதிரே நர்ஸ் அழக் கூடாது என்பது சட்டம். சிலிண்டருக்கு எதிரே அழலாம். எத்தனை சிலிண்டர் என்று திரும்பி வந்தவளை யாரும் கேட்பதில்லை.

கொனாடு ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடச் சிலிண்டர் எண்ணியதில்லை. கல்லு என்பார்கள், பாராட்டாகவும் மற்றதாகவும். அவளுக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை, அது உண்மை. உள்ளங்கால்கள் நிற்கும். சுண்டியும் பதில் சொல்லாமல் போன ஒவ்வொரு உள்ளங்காலும். கட்டை விரல் நீளம்கூட இருக்காது, கிழவர்களின் நெற்றி மாதிரி சுருக்கம் விழுந்திருக்கும். ட்ரோட்ரோவில் எதிர் சீட்டில் யாராவது மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு கால் தெரிய உட்கார்ந்தால் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். இன்று காலையும் அப்படித்தான் திரும்பி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், வெயிலில் திரும்ப நடந்து வந்தாள்.

"லேட்டு," என்றாள் மாவுசி. "மாமியார் ஆசீர்வாதம் நீளமோ?"

"நாலாம் நம்பர் படுக்கைய நீ எடுத்துக்க. நான் அந்தப் பக்கம் பாக்குறேன்."

"அது உன் நாத்தனார் புள்ள இருக்கிற படுக்கையாச்சே?"

"அதனாலதான்."

மாவுசி அவளை ஒரு நொடி பார்த்தாள். "உங்க வீட்டுப் பெரியம்மாவுக்கு என்னமோ எங் கையில தேன் வடியிற மாதிரி. போன மாசம் எனக்கு எத்தனைன்னு சொல்லட்டா?"

"சொல்லாத."

"சொல்லல. எடுத்துக்கிறேன், போ."

மேலே சூட்டு விளக்கு எரியும் அந்த நாலாம் நம்பர் படுக்கையில் இரண்டு பேர். ஒருவருக்கு ஒரு படுக்கை என்பது சட்டம். இடம் இல்லை என்பது நிலைமை. ஒரே ஆக்சிஜன் இயந்திரத்திலிருந்து குழாய் கிளை பிரிந்து இரண்டு மூக்குக்கும் போகிறது. இடப்பக்கம் அஃப்ரியேவின் விருந்தாளி. வலப்பக்கம் புதன்கிழமை வந்த ஒரு பையன், மேமுனாத்துவின் மகன்.

மேமுனாத்துவுக்குப் பத்தொன்பது வயது. வடக்கே எங்கேயோ ஒரு ஊரிலிருந்து வந்து கெஜெட்டியா சந்தையில் தலைச்சுமை தூக்குகிறவள். புருஷன் என்று ஒருவன் இருக்கிறானாம்; போன் எடுப்பதில்லையாம். இந்த ஆறு நாளில் அவளும் அஃப்ரியேவும் அம்மாக்கள் அறையில் ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒருத்தியின் பால் வற்றினால் மற்றவள் முதுகைத் தேய்த்துவிடும் அளவுக்கு ஆகிவிட்டார்கள். பிராகோ கேள்விப்பட்டு மூக்கைச் சுளித்தார். சந்தையில் அதே பெண்கள் தலையில் வெங்காய மூட்டையை ஏற்றும்போது அவர் மூக்கு எங்கே போயிருந்தது என்று நாம் கேட்பதற்கில்லை.

ஒன்பது மணிக்குப் பால் கொண்டுவந்தார்கள், இருவரும், சின்னக் கோப்பைகளில்.

"மேடம், என் மகன் உங்க மருமகள ஒதைக்கிறான் பாருங்க," என்றாள் மேமுனாத்து. "இப்பவே கல்யாணத்தப் பேசிடலாமா?"

"சீர் என்ன குடுப்ப?" என்றாள் அஃப்ரியே.

"எங்கிட்ட ஒரு பெரிய அலுமினியத் தாம்பாளம் இருக்கு. உன்னையும் உன் பொண்ணையும் உங்கம்மாவையும் அதுல உக்கார வச்சு, தலையில தூக்கிட்டு ஊர்வலம் போறேன். போதுமா?"

"எங்கம்மாவத் தூக்குனா உன் கழுத்து போயிரும்."

"நாப்பது கிலோ சேனைக்கிழங்கு தூக்குறவ நான். உங்கம்மா பேசாம உக்காந்தா போதும்."

"அதுதான் நடக்காது."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த வார்டில் சத்தமாகச் சிரிக்க யாருக்கும் தைரியம் வராது. கொனாடுவும் சிரித்தாள், படுக்கையிலிருந்து இரண்டு எட்டு தள்ளி நின்று, கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

"நாளைக்கு உன் பொண்ணுக்குப் பேரு. நாளான்னிக்கு எம் பையனுக்கு," என்றாள் மேமுனாத்து. "ஜோங்கோ பேட்டையில எங்க ஊர்க்காரர் ஒரு மாலம் இருக்காரு, குரான் ஓதுற பெரியவரு. வந்து காதுல ஓதுறேன்னுட்டாரு."

●

மத்தியானம் பன்னிரண்டே கால்.

பிரசவ அறையிலிருந்து ஆள் வந்தது; ஒரு குழந்தை மூச்சில்லாமல் பிறந்திருக்கிறது, ஒரு நர்ஸ் உடனே வேண்டும். பெரிய சிஸ்டர் மீட்டிங்கில். மூன்றாவது நர்ஸ் லண்டனில். மாவுசி கையுறையை மாட்டிக்கொண்டே ஓடினாள்.

"கொனாடு, உன் விருந்தாளியப் பாத்துக்க!"

அவள் போய் ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. மின்சாரம் போயிற்று.

போவது புதிதல்ல. ஜெனரேட்டர் எழுந்திருக்க ஒரு நிமிஷம் எடுக்கும். அந்த ஒரு நிமிஷத்தை ஒவ்வொரு நர்ஸும் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கடப்பாள். அன்றைக்கு ஜெனரேட்டர் இருமியது. மறுபடி இருமியது. நின்றுவிட்டது.

இயந்திரங்களின் இரைச்சல் அடங்கினால் அந்த வார்டு எவ்வளவு பெரியது என்று தெரியும். ஆக்சிஜன் போகும் தண்ணீர் பாட்டில்களில் குமிழி நின்றது. பிறகு பேட்டரியில் ஓடும் அலாரங்கள் ஒவ்வொன்றாக ஆரம்பித்தன. நாலாம் நம்பரில் இரண்டு அலாரம்.

கொனாடு போய் நின்றாள். இரண்டும் மூச்சு விடவில்லை.

அந்த வார்டுக்கு வரும் எந்த நர்ஸுக்கும் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. 'நீலம் எங்கே அதிகமோ, முதல் கை அங்கே.' உதட்டைப் பார், உள்ளங்காலைப் பார், அழுகையைப் பார்க்காதே, யாருடைய பிள்ளை என்று பார்க்காதே. கொனாடுவே இருபது பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

வலப்பக்கத்துப் பையனின் உதடு மைக்கறுப்பாக இருந்தது. இடப்பக்கம் இப்போதுதான் சாம்பல் பூத்திருந்தது.

பார்த்தாள். பின்னால் எத்தனை தரம் புரட்டிப் போட்டாலும் இந்த ஒன்று மட்டும் மாறப் போவதில்லை. இருட்டில்லை, குழப்பமில்லை, ஜன்னல் வழியே நல்ல வெயில். பார்த்தாள்.

படுக்கைக்கு ஒரு மூச்சுப்பைதான். அதை எடுத்தாள். கை இடப்பக்கம் போயிற்று.

உள்ளங்காலைச் சுண்டினாள். பதில் இல்லை. முகமூடியைப் பொருத்திப் பையை அழுத்தினாள். ஒன்று. இரண்டு. உள்ளங்கை அளவுகூட இல்லாத நெஞ்சு எழும்பி இறங்கியது, எழும்பி இறங்கியது, அவள் அழுத்தும்போது மட்டும்.

"அபெனா!" என்றாள். யாரோ கத்துகிற மாதிரி இருந்தது. "ஏய் அபெனா! இருடி! எங்கடி போற, அபெனா!"

ஏழாம் நாளில் பேர் சொல்லிவிட்டாள். தொட்டும் விட்டாள். விருந்தாளி ஒரு விக்கல் விக்கி, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டு, தானாக ஒரு மூச்சை இழுத்துக்கொண்டாள்.

மின்சாரம் இல்லாவிட்டாலும் சுவர்க் கடிகாரம் ஓடும். இரண்டரை நிமிஷம்.

பிறகு பையை வலப்பக்கம் கொண்டுபோனாள். இரண்டு விரலால் நெஞ்சை அழுத்தினாள், பையை அழுத்தினாள், நெஞ்சை, பையை. எங்கேயோ ஜெனரேட்டர் எழுந்தது. பாட்டில்களில் குமிழி வந்தது. மாவுசி ஓடிவந்து அவளை விலக்கிவிட்டுத் தான் அழுத்தினாள். டாக்டர் வந்தார். இருபத்தைந்து நிமிஷத்துக்குப் பிறகு டாக்டர் மாவுசியின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அதட்டலாக இல்லை.

கொனாடு தலையை நிமிர்த்தினாள். மின்சாரம் போனால் அம்மாக்கள் எல்லோரும் கண்ணாடித் தடுப்புக்கு ஓடிவந்து நெற்றியை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். நின்றிருந்தார்கள். நடுவில் அஃப்ரியே. பக்கத்தில் மேமுனாத்து இல்லை. அவள் பின்பக்கத்து மதிலோரம் தொழுகையில் இருந்தாள்.

"ரிப்போர்ட்ல கரண்டுன்னு எழுது," என்றாள் மாவுசி. "பொய் இல்ல, கரண்டுதான். ஜெனரேட்டர்தான். உன் தலையில தூக்கி வச்சுக்காத." அவளுடைய உதடு கோணியது. "நான் போய்... வரியா? ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணலாம்."

"நீ போ."

மாவுசி போனாள். கொனாடு பையனைத் துடைத்து, சுத்தமான துண்டில் சுற்றினாள். உள்ளங்காலைப் பார்க்காமல் சுற்ற முடியுமா என்று முயன்றாள். முடியவில்லை. படுக்கையின் வலப்பாதியை மருந்துத் தண்ணீர் போட்டுத் துடைத்தாள். ரப்பர் விரிப்பில் அவன் கிடந்த இடம் சூடாகவே இருந்தது. விளக்குச் சூடு, வேறொன்றும் இல்லை. அது ஆறுவதற்குள் பிரசவ அறைக் குழந்தையைக் கொண்டுவந்து அங்கேயே கிடத்தினார்கள். அது தன் காலை நீட்டி அபெனாவை உதைத்தது.

●

செய்தி சொல்வது அந்த நேரத்து நர்ஸின் வேலை. இதற்கும் ஒரு முறை இருக்கிறது. நிற்கவைத்துச் சொல்லக் கூடாது. வராந்தாவில் சொல்லக் கூடாது. 'தூங்குறான்' என்று சொல்லக் கூடாது.

கொனாடு பாலூட்டும் அறையில் பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னாள். மேமுனாத்து துண்டைக் கையில் வாங்கி, மடியில் வைத்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். நெற்றியில் தொழுத இடத்து மண் இன்னும் ஒட்டியிருந்தது. பிறகு பேசியது சாதாரணக் குரலில்தான்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"எங்கள மாதிரி ஆளுங்கள எங்கயும் கடைசியாத்தான் கூப்பிடுவாங்க. கெளினிக்ல, குழாயில, போலீசுல, எங்கயும். நாங்களும் பழகிட்டோம்." துண்டின் ஓரத்தை நீவினாள். "கரண்டு போனதும் எம் பையன்கிட்டத்தான முதல்ல வந்தீங்க?"

ஒன்பது வருஷத்தில் அம்மாக்கள் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். வலிச்சுதா, அழுதானா, நான் தின்னது எதாவது காரணமா. எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது, சொல்லிச் சொல்லி வழவழப்பான பதில்கள்.

"ஆமா," என்றாள் கொனாடு. "முதல்ல அவன்கிட்டதான்."

மேமுனாத்து தலையாட்டினாள். ஏதோ ஒரு பெரிய மூட்டையை யாரோ ஒரு கை பிடித்து இறக்கிக் கொடுத்த மாதிரி அவள் தோள் இறங்கியது.

"உங்க கைக்கு அல்லா நல்லது குடுக்கட்டும் மேடம்."

கொனாடு வெளியே வரத் திரும்பினாள். வாசலில் பால் கோப்பையோடு அஃப்ரியே நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கோப்பையில் பால் தளும்பவில்லை. அவ்வளவு அசையாமல் நின்றிருந்தாள்.

●

இரண்டு மணிக்கு டியூட்டி முடிந்தது. உடை மாற்றும் அறையில் போன் அடித்தது. மாமியார்.

விஷயம் எப்படித்தான் அதற்குள் போய்ச் சேர்ந்ததோ. ஆஸ்பத்திரியில் கஞ்சி விற்கிறவள் நம் காம்பவுண்டுக்காரியின் தங்கை, வேறெப்படி?

"கொனாடு! என் தங்கமே!" இந்த ஒன்பது வருஷத்தில் மாமியார் வாயில் அவள் எந்த உலோகமாகவும் இருந்ததில்லை. "பொழைக்க வச்சுட்டியாமே! போன உசிர இழுத்துட்டு வந்தியாமே! நான் வாயில வந்தத எல்லாம் சொன்னேன், மனசுல வச்சுக்காத தாயி. உன் கை என்ன கை!"

"அத்தை, நான் பேரச் சொல்லிட்டேன். ஏழாம் நாள்ல."

"சொல்லிக் கூப்பிட்டதனாலதாண்டி திரும்புச்சு! கேளு. மாப்பிள்ள போன் பண்ணாரு. ராத்திரி வண்டியில வராராம். அவருதான் சொன்னாரு, நான் சொல்லல. புள்ளைக்கு உன் பேரத்தான் வைக்கப் போறாராம்! அபெனா கொனாடு. யாரு பேரோ அவங்க குணந்தான வரும், அந்தக் கை வரட்டுங்கிறாரு. காலைல இங்க வீட்டுல பெரியவங்க சடங்கு பண்ணிருவோம். அங்க ஆஸ்பத்திரியில புள்ள நாக்குல நீயே விரல்ல ஒரு பொட்டு தண்ணி தொட்டு வச்சிரு. சாராயத்த உதட்டுக்கிட்ட காட்டுனா போதும், வேணாம் அது சின்னது. வாய்ச்சொல் மட்டும் மறக்காம சொல்லு. தண்ணின்னா தண்ணின்னு சொல்லு, சாராயம்னா சாராயம்னு சொல்லு. புள்ள பொய் பேசாம வளரணும், தெரியுமில்ல?"

"தெரியும் அத்தை."

"என்னடி, குரல் கம்முது? அழறியா? சந்தோஷத்துலயா?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அஃப்ரியே அறைக்குள் வந்து கதவைச் சாத்தியிருந்தாள். அழுது வீங்கிய முகம். தன் பிள்ளை பிழைத்ததற்கா, அடுத்தவள் பிள்ளை போனதற்கா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை.

"எனக்கும் சொன்னாரு," என்றாள். "பேரு விஷயம்."

"அஃப்ரியே..."

"அண்ணி, நான் கண்ணாடிகிட்ட நின்னேன். அந்தப் பையன் உதடு எனக்கே தெரிஞ்சது. நான் நர்ஸுக்குப் படிக்கல, எனக்கே தெரிஞ்சது." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க அந்தப் பக்கம் போயிருவீங்களோன்னு பயந்தேன். போகக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். கர்த்தரே, அவன விட்டுட்டு எம் பொண்ணுகிட்ட வரட்டும்னு வாய்விட்டே கேட்டேன். நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் எங்க போய் இதச் சொல்ல? நான் உங்களக் குத்தம் சொல்லல. உங்க காலைத் தொட்டுக் கும்பிடுவேன்."

"அப்புறம் என்ன?"

"அந்தப் புள்ள என்கூட ஒரே பாயில படுத்தவ அண்ணி. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா உங்ககிட்ட."

கொனாடுவுக்குக் கோபம் வந்தது. வரட்டும் என்று காத்திருந்த மாதிரி வந்தது. "உண்மையச் சொன்னா அவளுக்கு என்ன கிடைக்கும்? புள்ள திரும்புமா? இப்ப ஒரு ஆறுதலோட போறா, அதையும் பிடுங்கிக்கவா? எனக்கு வேலை போகும், தெரியுமா? நர்ஸு சீட்டே போகும். ஒவ்வொருத்திக்கும் நான் சொல்றதுதாண்டி அவளுக மிச்ச காலம் பூரா தூக்கிட்டுத் திரியப் போறாளுக. நல்லதாச் சொல்லி அனுப்புறேன். அது தப்பா?"

"தெரியல." அஃப்ரியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணுந் தெரியல அண்ணி. ஆனா நாளைக்கு உங்க பேரச் சொல்லி, எம் பொண்ணு நாக்குல நீங்க தண்ணி வச்சு, தண்ணின்னா தண்ணின்னு சொல்லுன்னு சொல்வீங்க. அப்ப நானும் அங்க நிப்பேன். அத என்னால கேட்டுட்டு நிக்க முடியாது. அவகிட்டச் சொல்லிட்டு வாங்க. இல்லன்னா வேற பேரு வைக்கச் சொல்லிடறேன். ஏன்னு கேட்டா..." நிறுத்தினாள். "ஏன்னு அம்மா கேக்காம விடுவாங்களா?"

மிரட்டல் இல்லை. அப்படி இருந்திருந்தால் கொனாடு எளிதாகச் சமாளித்திருப்பாள்; மாமியாரோடு பழகிய பழக்கம்.

ஜன்னலுக்கு வெளியே வாசல் பெஞ்சு தெரிந்தது. மேமுனாத்து வெள்ளைத் துண்டை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தாள். அவர்களுக்கு இன்றைக்கே அடக்கம். ஜோங்கோவிலிருந்து ஒரு பழைய வேன் வந்து நின்றது; தொப்பி போட்ட இரண்டு பெரியவர்கள் இறங்கினார்கள். அவர்களில் ஒருவர்தான் நாளை மறுநாள் காதில் ஓத வருவதாகச் சொன்ன மாலமாக இருக்க வேண்டும். அவர் கையை நீட்டினார். மேமுனாத்து துண்டைக் கொடுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு எழுந்தாள், கழுத்து நிமிர்ந்து, எத்தனையோ சுமை தூக்கிப் பழகிய நிமிர்வு.

கொனாடு கதவைத் திறந்தாள். வராந்தா. படிகள். வெயில். சீருடையை மாற்றாமலே வந்துவிட்டது அப்போதுதான் தெரிந்தது. வேன்காரன் எஞ்சினை நிறுத்தவே இல்லை. பின்கதவு பாதி சாத்தியாகிவிட்டது.

"மேமுனா!"

குரல் அவ்வளவு பெரிதாக வந்ததில் வாசலில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். கஞ்சி விற்கிறவளும்தான், அவள் கையில் கரண்டி அந்தரத்தில் நின்றது.

வேனுக்குள்ளிருந்து மேமுனாத்து எட்டிப் பார்த்தாள். கொனாடுவைக் கண்டதும், அந்த முகத்திலும், ஒரு சிரிப்பு வந்தது. பையனை முதலில் தொட்டவளைப் பார்த்து வந்த சிரிப்பு.

"வாங்க மேடம்," என்று ஒதுங்கி இடம் விட்டாள். "நீங்களும் வரீங்களா?"